ஒனக்காகத்தான்டி

கௌசல்யாவின் கை சில்லென்று நடுங்கியது. கிளாராவுக்குச் சிரிப்பு வந்தது.

"பாடம் நடத்தப் போறது நானு. நீ எதுக்குடி நடுங்குற?"

"ஒனக்கு இந்த வேலை கெடைக்கணுமேன்னுதான். காலையில ஒங்க கோயிலுக்குப் போயி மெழுகுவத்திகூட ஏத்திட்டு வந்தேன்டி."

இருவரும் ஒன்றாக பி.எட். படித்தவர்கள். 'எனக்கு வேலையெல்லாம் வேணாம்ப்பா' என்று கௌசல்யா எப்போதோ சொல்லிவிட்டாள். கிளாராவுக்கோ அப்பா வேலை பார்த்த நூற்பாலையை மூடி மூன்று மாதம் ஆகிறது. இந்தப் பள்ளியில் இருந்தது ஒரே ஓர் ஆங்கில ஆசிரியர் இடம்.

மாதிரி வகுப்புக்கு முன்கூட்டியே கொடுத்திருந்த பாடம், 'ரூட் ஃபார்' என்ற ஆங்கிலத் தொடர். அதன் பொருளையும் பிறப்பையும் பத்து நிமிடத்தில் நடத்த வேண்டும். குறிப்பெல்லாம் கௌசல்யாவே எழுதித் தந்தாள். பேகம்பூரிலிருந்து ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவளும் அவளே.

"போடி, கலக்கிட்டு வா!"

பொருளைக் கிளாரா அழகாகச் சொன்னாள். "நம்ம ஆளு ஜெயிக்கணும்னு மனசார நெனச்சு, கை தட்டி, கத்தி, உற்சாகப்படுத்துறது." பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

"சரி, இது எங்க பொறந்துச்சு?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"இங்கிலாந்துல மேடம், குதிரைப் பந்தயத்துல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா. அமெரிக்காவுல, பேஸ்பால் மைதானத்துல. மாடு கத்துறதைச் சொல்ற பழைய சொல்லுலருந்து வந்திருக்கலாம்னும் சொல்றாங்க. சரிபாக்காமயா பாடம் நடத்த வந்தீங்க?"

கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

வெளியே வந்ததும் கிளாரா உடைந்து அழுதாள். "குதிரைப் பந்தயம்னு எங்கடி படிச்ச?"

"நெட்டுலதான்டி. அது தப்பா இருக்கும்னு யாரு கண்டா?" கௌசல்யா முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இது போனா இன்னொன்னு. இதுக்குப் போயி இம்புட்டு அழுகையா?"

கிளாரா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். தோற்றாலும் தன் பக்கம் நிற்க இவள் ஒருத்தி இருக்கிறாளே என்று நினைத்தபோது அழுகை மெல்ல அடங்கியது.

கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார்.

"அடுத்த ஆளு, கௌசல்யா! உள்ள வாங்க."