ஆர்லோவின் வாளி

"அந்தக் குவாரித் தண்ணி பார்க்கத்தான் நீலம், உள்ளே மீனுக்குத் தின்ன ஒண்ணுமில்லை…" என்று எங்கள் ஊர்ப் பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்துக்கு நடுவில் சொன்னார். மிச்சம் மறந்துவிட்டது.

சுண்ணாம்புக்கல் குவாரியை மூடி, தண்ணீர் இறைத்த பம்பை நிறுத்தியதும் தண்ணீர் ஏறி ஏரியானது. சுற்றிலும் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், பூங்கா போட்டது. அதைக் காவல் காக்கும் ரேஞ்சர், லீலண்ட்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வாசலில் தூண்டில் புழு விற்கும் கர்ட்டிஸ் அவனை மறித்தார்.

"லீலண்ட், உனக்குச் சம்பளம் தூங்குறதுக்கா?"

"ஏன், என்னாச்சு?"

"அந்தக் கிழவன் ஆர்லோ. தினம் விடியுறப்பவே ஒரு வாளியோட வர்றான். மூடி போட்ட வாளி. சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு மீன்பிடிப் போட்டி. அதுக்குள்ளே ஏரியையே துடைச்சுடுவான் போல."

"நீங்க மீனைப் பார்த்தீங்களா?"

"வாளிக்குள்ளே துள்ளுற சத்தம் என் காதால கேட்டேன்யா. போன வருஷம் ஒரு குழந்தைக்குக்கூட மீன் மாட்டலை. ஏன்னு இப்பப் புரியுதா? அவனை இனிமே உள்ளே விடாதே."

பூங்கா விதியை மீறுகிறவர் ஒரு வருஷம் அதற்குள் கால் வைக்க முடியாது. மனைவி இறந்த பிறகு ஆர்லோ வீட்டைவிட்டு வருகிற ஒரே இடம் அதுதான். லீலண்டுக்கும் அது தெரியும். இருந்தாலும் மறுநாள் விடியலில், ஆர்லோவின் பழைய பிக்கப் வண்டியருகே போய் நின்றான்.

ஏரிப் படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்தார் கிழவர். கையில் வாளி.

"என்ன தம்பி, என் வண்டிக்குக் காவலா?"

"மூடியைத் திறங்க, ஆர்லோ."

திறந்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான்.

"மீன் எங்கே?"

"ஏரியில."

"நீங்க பிடிச்ச மீனைக் கேட்கறேன்."

"அதுவும் ஏரியிலதான். என் பண்ணைக் குட்டையில பிடிச்சேன், இங்கே கொண்டாந்து விட்டேன். ஒரு வாரமா இதே வேலை. முதுகு போயிடுச்சு."

லீலண்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். "திருடியிருந்தாக்கூடப் பரவாயில்லை. வெளி மீனை இங்கே விடவே கூடாது. ஏதாவது நோய் ஒட்டிக்கிட்டு வந்தா மொத்த ஏரியும் போச்சு. பலகையில எழுதியிருக்கே, படிக்கலையா?"

"கண்ணாடி போட்டுக்கிட்டே படிச்சேன்."

"பின்னே ஏன்?"

ஆர்லோ வாளியை வண்டியில் வைத்தார்.

"இந்த வருஷமும் கவுண்டிக்காரங்க இந்த ஏரியில மீன் விடலை. போன தடவை ஒரு சின்னப் பொண்ணு தூண்டிலைப் போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் அசையாம நின்னா. கடைசியில என்கிட்ட வந்து, 'மீனுக்கு என்னைப் பிடிக்கலையா?'ன்னு கேட்டா."

"யார் வீட்டுப் பொண்ணு?"

"கர்ட்டிஸ் பேத்தி. அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதே. அப்புறம் எனக்குப் புழுவைச் சும்மாவே கொடுக்க ஆரம்பிச்சுடுவான்."

லீலண்ட் வாளிக்குள் மறுபடி எட்டிப் பார்த்தான்.

"உங்க குட்டையில இன்னும் மீன் இருக்கா?"

"நான் செத்தாலும் தீராது."

வாளியை மட்டும் லீலண்ட் பறிமுதல் செய்தான். மறுநாள் காலை, மீனுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க மீன்வளத் துறை ஆய்வாளரையும், மீனை ஏற்றி வரக் கவுண்டியின் தொட்டி லாரியையும் கூட்டிக்கொண்டு ஆர்லோவின் குட்டைக்குப் போனான்.