தண்ணீர்க் கிளாஸ்

பொலிவியாவின் மலைமேட்டு உப்புவெளியில் யதுசனுக்கு மூச்சு முட்டியது. அவன் மனைவி ஆதிரை அவனை ஜீப்பின் பின்சீட்டில் கிடத்தி, வியாழக்கிழமை பகல் முழுக்க மலையிறங்கி ஓட்டினாள். அவன் கண் திறக்கவேயில்லை. மாலையில், ஊர் விளக்குகள் தெரிந்தபோது, தானாகவே எழுந்து உட்கார்ந்தான்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் வீட்டுக்குத் திரும்பியதும், அவர்களுடைய பூச்செடிகளைப் பார்த்துக்கொண்ட மேல்மாடிக் குணேஸ்வரி அக்காவிடம் ஆதிரை மற்றச் சாவியை வாங்கப் போனாள்.

"வியாழக்கிழமை நான் கீழ உங்கட பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தேக்க யதுசன் வந்தவர். நல்லாக் களைச்சுப்போயிருந்தார். தண்ணி குடிச்சிட்டு, ஆதிரை தேடுவாள் எண்டு உடன போயிட்டார்."

"வியாழனோ அக்கா?"

"ஓம்."

ஆதிரை சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினாள். கீழே சமையலறையில் யதுசன் ஒரு கிளாஸைக் கையில் பிடித்திருந்தான். அதன் விளிம்பில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"கழுவாமல் விட்டிட்டன் போல" என்றான்.