டிரம்ஸுக்கு ஒரு ஆள்

“பேசாதே. அடி!”

மூன்றாவதாக வந்தவன் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், இசைக்குழுத் தலைவி இரண்டு டிரம்ஸ் குச்சிகளையும் அவன் கையில் திணித்தாள். அவன் தன் வெந்நீர் பிளாஸ்க்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் இடுக்கிக்கொண்டு அடித்தான். தகரக் கூரையில் பூனை ஓடியதுபோல் இருந்தது.

“இப்படியா அடிப்பாங்க? தள்ளு!” தலைவியே உட்கார்ந்து அடித்துக் காட்டினாள். பள்ளி லேபின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தாளம் இம்மி பிசகவில்லை. “பார்த்தியா? சரி, போயிட்டு வா.”

நோட்டில் மூன்றாவது பூஜ்யம் விழுந்தது.

கிதாருக்கு எதிர்வீட்டு நெட்டையன், கீபோர்டுக்குச் சித்தி மகள். இருவரையும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தவள் தலைவிதான். மைக்கைப் பிடித்து ஒரு தடவையாவது மேடையில் பாடிவிட வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட ஆசை. நான்கு மணிக்குள் நாலு பேர் பட்டியலை ஆபீஸில் கொடுக்காவிட்டால் ஆண்டு விழாவில் இடமில்லை.

“எங்கேடி புடிச்சீங்க இதுங்களை? ஒருத்தருக்கும் குச்சி புடிக்கவே தெரியலை!”

சித்தி மகள் நெட்டையனைப் பார்த்தாள். அவன் கிதார் கம்பியை முறுக்குவதில் மும்முரமானான்.

“நல்லாத் தேடித்தான் கூட்டிட்டு வந்தோம்க்கா. நீதான் யாரையும் வாயைத் திறக்கவே விடமாட்டேங்கற.”

“அடிக்கிறதுக்குக் கை போதும். வாய் எதுக்கு?”

கடைசியாக வந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். குச்சியைக் கண்டதும் திருதிருவென்று விழித்தாள். தலைவி கண்ணை மூடிப் பாட ஆரம்பிக்க, அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். தாளம் நொண்டியது, ஆனாலும் விழாமல் பாட்டின் முடிவுக்கு வந்து சேர்ந்தது.

மணி மூன்று ஐம்பது. இனி ஆள் தேட நேரமில்லை.

“பரவாயில்லை, பழகிடலாம். இனிமே டிரம்ஸ் நீதான். சந்தோஷமா?” தலைவி பட்டியலை விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

நெட்டையன் நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான். சித்தி மகள் கீபோர்டுக்குப் பின்னால் குனிந்தாள்.

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குச்சிகளைத் தலைவியிடமே நீட்டினாள்.

“டிரம்ஸ் நீங்கன்னு சொன்னாங்களேக்கா... நான் பாட வந்தேன்.”