ஒரு மின்விசிறி

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு மின்விசிறிதான் ஓட வேண்டும் என்பது கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து வைத்த விதி. கரண்டை வீணாக்கக் கூடாது என்பான் அமலதாஸ். பக்கத்தில் உட்கார ஒரு சாக்கு என்பாள் ஜெசிந்தா. பிறகு அவர்களுக்குள் பேச்சு நின்றுபோனது. விதி நிற்கவில்லை. ஒரே விசிறிக்குக் கீழே ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவெடுத்த மதியம், அவள் படுக்கையறையில் துணிகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். சித்திரை வெயில். முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்த அமலதாஸ் அறை வாசலில் நின்றான்.

"வேர்த்துக் கொட்டுது. ஃபேனப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"ஹால்ல ஓடுதுல்ல."

"வீட்ட விட்டுப் போறப்பவும் ரூல்ஸா?"

"நீங்க மட்டுமா போட்டீங்க அந்த ரூல்ஸ?"

அவன் கூடத்துக்குத் திரும்பிப் போனான். சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. விசிறி கிறீச்சிட்டு, மெதுவாகி, நின்றது. மடித்த சேலையோடு அவள் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்திருந்தாள். அவன் வரவில்லை. படுக்கையறை சுவிட்சில் விரலை வைத்தாள், அழுத்தாமல் எடுத்துக்கொண்டாள்.

பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூடத்தில் அவன் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தான். மின்விசிறியின் சுவிட்ச் தெருக்கதவை ஒட்டி இருந்தது. அவள் அந்தப் பக்கம் நடந்தாள். அவன் விசிறுவதை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்தான்.