ஒரு சாய்கோடு குறைகிறது

"சுத்தி வளைக்காதீங்க சித்தி. எங்கம்மா படம் எங்கே?"

ஹாஸ்டலிலிருந்து வந்த மகள் தோள்பையைக்கூட இறக்கவில்லை. ஹால் சுவரிலிருந்த திரையில் குடும்பப் படங்கள் மாறி மாறி ஓடின. தாத்தா வந்தார், தம்பி வந்தான், சித்தியின் பூனைகூட வந்து சோம்பல் முறித்துவிட்டுப் போனது. இறந்துபோன அம்மா மட்டும் வரவில்லை.

"எல்லாரும் வர்ற மாதிரிதாம்மா புரோகிராம் எழுதினேன். போன வாரம்கூட வந்தாங்களே!"

"இப்பக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களாக்கும்?"

சித்தி வந்ததும் முதலில் அம்மாவின் திரைச்சீலைகள் மாறின. இப்போது அம்மாவேவா? மகளுக்குள் சந்தேகம் குடைந்தது.

அப்பா, சித்தி, மகள் மூவருக்குமே கம்ப்யூட்டர் புரோகிராம் அத்துப்படி. அப்பாவோ பேப்பருக்குப் பின்னால் முகத்தைப் புதைத்திருந்தார். மகள் மடிக்கணினியைப் பிடுங்கி, புரோகிராமை வரி வரியாகப் படித்தாள். அம்மாவின் படங்கள் ஆங்கில எழுத்தில் 'nettai', அதாவது 'நெட்டை', என்ற ஃபோல்டரில் இருந்தன. உயரமான மனைவியை அப்பா அப்படித்தான் கூப்பிடுவார்.

"இதோ! நெட்டைக்கு முன்னால ரெண்டு சாய்கோடு இருக்கணும், ஒரே ஒரு பேக்ஸ்லாஷ்தான் இருக்கு. அதோட 'என்' எழுத்து ஒட்டினா, அடுத்த வரிக்குப் போன்னுதானே கம்ப்யூட்டர் எடுத்துக்கும்? அப்புறம் ஃபோல்டர் எப்படிக் கிடைக்கும்?"

"அட, ஆமா! இன்னொண்ணு சேர்த்தாச் சரியாயிடும்."

"தாத்தாவுக்கு ரெண்டு, தம்பிக்கு ரெண்டு. பூனைக்குக்கூட ரெண்டு போட்ட கைக்கு எங்கம்மாகிட்ட வந்ததும் சுளுக்கிக்கிச்சா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"சத்தியமா நான் ரெண்டுதாம்மா போட்டேன்!"

"அப்போ பேய் வந்து அழிச்சுதா? எங்கம்மாவுக்கு இடமில்லாத வீட்ல எனக்கும் இடம் வேண்டாம். இனிமே இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன். அப்பா, நான் கிளம்பறேன்."

சித்தியின் கண்கள் கலங்கிவிட்டன. மகள் செருப்பை மாட்டினாள்.

பேப்பர் மெல்ல இறங்கியது.

"அவளை ஒண்ணும் சொல்லாதே" என்றார் அப்பா. "சாப்பிட உக்காந்தா நெட்டை நேரா வந்து என்னையே பார்க்கிறா. தொண்டையில எதுவும் இறங்கல. ஃபோல்டரையே அழிச்சிடலாம்னுதான் போனேன், கை வரல. அதான், ஒரே ஒரு ஸ்லாஷை மட்டும்..."