திரையின் கீழ்ப்பாதி

எந்த மென்பொருளை இறக்கினாலும் கூடவே ஒரு பெட்டி வந்து, இதையும் சேர்க்கச் சம்மதமா என்று கேட்கும். அருணகிரி எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அழுத்திவிடுவார். "மரியாதையா கேக்கான். வேண்டாம்னு எப்படிச் சொல்ல?" என்பார். மகள் மதிவதனி தன் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோது மட்டும் வேண்டாம் என்று சொன்னார்.

அப்படிச் சேர்ந்த டூல்பார் பட்டைகள் அடுக்கடுக்காக நின்று திரையில் பாதியைத் தின்றிருந்தன. ஞாயிறுதோறும் மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வருவாள். மிச்சமிருந்த இடத்தில் அவள் முகம் மட்டும் தெரியும். அம்மா செண்பகம்தான் பேசுவாள். அவர் கேமராவில் படாமல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த ஞாயிறு பக்கத்து வீட்டு இசக்கி வந்து அத்தனையையும் நீக்கினான். "இனிமே எது கேட்டாலும் படிச்சுப் பாத்துட்டு அமுக்குங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது. மகள் முழுதாகத் தெரிந்தாள். தள்ளி நின்றிருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது.

"ஏட்டி, எத்தன மாசம்?" என்றாள் செண்பகம்.

"ஏழு. நீங்களா கேக்கட்டும்னு வாரா வாரம் இப்படித்தான் எந்திரிச்சு நிக்கேன். இப்பதான் கேக்கத் தோணிச்சாம்மா?"

"இந்த டூல்பார்தான் மறச்சிட்டு, அக்கா" என்று இசக்கி ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடே" என்றார் அருணகிரி. நாற்காலியை இழுத்துவந்து கேமராவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். மகள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.