விழாத கோல்

“கோலுக்குப் பின்னாடி ஏன்யா வழுக்கை விழுந்த மாதிரி காலியா கிடக்கு?”

கேமராமேன் கேட்டதும் கூட்டம் கேலரியைப் பார்த்து ஓடியது. கூட்டம் என்றால் ஒரே ஆள்தான். கால்பந்து மைதானத்தில் எடுத்துக்கொண்டிருந்த இந்திப் படத்தின் மூன்றாவது உதவி இயக்குநர். கேலரியில் ஆள் நிரப்புவது அவன் பொறுப்பு என்பதால், ஊதினால் பறக்கிற உடம்புக்கு யூனிட் வைத்த பெயர் அது.

காலியாகக் கிடந்ததற்குக் காரணமும் அவனேதான். சாப்பாட்டு இடைவேளை விட்டாயிற்று என்று தானாக நினைத்துக்கொண்டு, ஒரு பஸ் துணை நடிகர்களை மைதானத்துக்கு வெளியே அனுப்பிவிட்டான். இப்போது கண்ணில் பட்டவர்களையெல்லாம் இழுத்து வந்தான். லைட் வேன் டிரைவர், மேக்கப்காரரின் மச்சான், கதாநாயகியின் கேரவன் ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொப்பைக்காரர், அவர் மனைவி, மகள். தொப்பைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டம் அந்த வாயைச் சுற்றி மஞ்சள் பெயின்டைப் பூசி, கையில் ஒரு கொடியைத் திணித்து, கோலுக்கு நேர் பின்னால் உட்கார வைத்துவிட்டான்.

யாரும் மதிக்காத ஒரு பெண்கள் கால்பந்து அணி, கடைசி பெனால்டியில் கோப்பையை ஜெயிக்கிற கதை. ஜெயிக்கிற பெண்கள் எல்லோரும் நடிகைகள். தோற்கிற பெண்கள் மட்டும் அசல் ஆட்டக்காரிகள். மைதானத்துக்கு அடுத்த தெருவில் இருக்கும் கிளப்பிலிருந்து அவர்களைப் பிடித்து வந்ததும் கூட்டம்தான். அவர்களுடைய கோல்கீப்பருக்கு அவன் கொடுத்த வேலை பச்சைப் பிள்ளைக்கும் புரியும். கதாநாயகி ஒரு பக்கம் அடிப்பாள், நீ மறுபக்கம் பாய வேண்டும். அவ்வளவுதான்.

முதல் டேக்கில் அவள் பந்தைப் பிடித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்ததைத் தட்டிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்த முறை கதாநாயகி கோபத்தில் நிஜமாகவே நன்றாக உதைத்தாள். அதையும் கோல்கீப்பர் விரல் நுனியால் கம்பத்துக்கு வெளியே தள்ளினாள்.

இயக்குநர் கூட்டத்தைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். அவர் கத்தினால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து. மைதானம் இன்றைக்கு மட்டும்தான், வெயில் இறங்குவதற்குள் கோல் விழவில்லையென்றால் நாளை முதல் நீ வர வேண்டாம் என்றார். ஏற்கெனவே இரண்டு படங்களிலிருந்து துரத்தப்பட்டவன். இதுவும் போனால் அக்கா புருஷனின் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்க வேண்டியதுதான். அந்த மனுஷர் இவனுக்காக ஒரு ஸ்டூல்கூட ஒதுக்கி வைத்திருக்கிறார்.

கோலுக்கு ஓடினான்.

“ஏம்மா, விடும்மான்னா விட மாட்டேங்கிறே?”

“கை தானா போயிடுது சார்.”

“தானா போற கையைப் பின்னாடி கட்டிடவா?”

அவள் கையுறையை இறுக்கிக்கொண்டாள்.

கூட்டம் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த பிறகும் பக்கத்து வீட்டில் மணி கேட்கிறவன். கதாநாயகி மேல் கடுப்பா? யாராவது தூண்டிவிடுகிறார்களா? கொடிகளைச் சரிசெய்கிற பாவனையில் கம்பத்தோரம் நின்று நோட்டம் விட்டான்.

விஷயம் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் முன்னால் அவள் ஒரு நொடி கேலரியைத் திரும்பிப் பார்க்கிறாள். பந்தைப் பிடித்ததும் மறுபடி பார்க்கிறாள். அந்தப் பார்வை போய் நின்ற இடத்தில் தொப்பைக்காரர். அவர் மனைவியும் மகளும் கேமராவுக்குக் கையசைத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கொடியைக் கீழே போட்டுவிட்டு, முன்னால் சாய்ந்து கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேரவனிலிருந்து கண்ணை எடுக்காத அதே ஆள். அவள் பிடித்ததும் மெல்லத் தலையாட்டினார்.

சைகை. போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆளாகத்தான் இருக்க வேண்டும். படத்தைக் கெடுக்க வந்தவனுக்குத் தன் கையாலேயே பெயின்ட் பூசி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்த தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கூட்டம் நொந்துகொண்டான்.

அடுத்த டேக். அவள் உடம்பு முழுதும் நீட்டிப் பாய்ந்து பிடித்தாள். லைட்மேன்கள் நிலைமை மறந்து கை தட்டினார்கள். இயக்குநர் வாட்ச்சைப் பார்த்தார். புல்மேல் கம்பத்தின் நிழல் நீள ஆரம்பித்திருந்தது.

கூட்டம் அவள் பக்கத்தில் போய்க் குந்தினான். மிரட்டத்தான் போனான். வாயில் வந்தது கெஞ்சல்தான்.

“அந்த மஞ்ச மூஞ்சி ஆளு யாரும்மா? நீ பார்க்கிறே, அவரு தலையாட்டுறாரு. எந்தக் கம்பெனி?”

“கம்பெனியா?”

“என் பொழப்பு போகப் போகுதும்மா. சண்டை போட மாட்டேன். நிஜத்தை மட்டும் சொல்லிடு.”

அவள் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். கையுறையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

“தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவரு சார் அவரு. எங்க மேட்சை ஒரு தடவை வந்து பாருங்கன்னு வருஷக்கணக்கா நடையா நடந்தோம், எட்டிக்கூடப் பார்க்கலை. இன்னைக்கு உங்க ஹீரோயினைப் பார்க்கக் குடும்பத்தோட வந்தாரு. அப்படியே பார்த்துட்டுப் போயிருப்பாரு சார், நீங்கதான் பிடிச்சு இழுத்துட்டு வந்து என் முதுகுக்குப் பின்னாடியே உட்கார வெச்சீங்க.”